அப்பாவின் நெற்றியில் முப்பத்திரண்டு

“அந்த நெம்பரு மட்டும் போயிருச்சுன்னா ஒரே கிளிக்குங்க” என்றார் ஸ்டூடியோ அருள்தாஸ். முக்காலியில் ஏற்றிய கேமராவுக்குப் பின்னால் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவர் வெகு நேரமாக அதே நிலையில் இருந்தார்.

லிங்கசாமி ரிமோட்டை நீட்டி இன்னொரு பொத்தானை அமுக்கினான். திரையில் உறைந்து நின்ற அப்பாவின் முகம் அசையவில்லை. அவர் நெற்றியில், திருநீறு பூசுகிற இடத்தில், மஞ்சள் நிறத்தில் கொட்டை எழுத்தில் நின்ற முப்பத்திரண்டும் அசையவில்லை.

“போகலியேடா” என்றாள் ரங்காத்தாள். அவள் லிங்கசாமிக்கு அக்கா. கதவோரம் நின்று, யாரும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள்.

“சித்த இருக்கா. படிச்சுப் பாத்துத்தான அமுக்கோணும்.”

“படிக்கத் தெரியுமா உனக்கு?”

லிங்கசாமி ரிமோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

கதவுக்கு அந்தப் பக்கம், போர்டிகோவில், சாமியானாவுக்குக் கீழே, அப்பா செங்கோட்டையன் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் காபியைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வந்த செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். காங்கேயத்துக்கு போன் வந்து, ரங்காத்தாள் தன் வீட்டுக்காரர் ராசப்பனோடு கார் பிடித்துத் திருப்பூர் வந்து சேர்ந்தபோது மாலைகள் வர ஆரம்பித்திருந்தன. அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோதுதான் பங்காளிகளில் யாரோ கேட்டார்கள், “படம் எங்கீங்க, தலமாட்டுல வெக்கறதுக்கு?”

படம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அறுபத்தாறு வயது வரை ஒருவர் படமே இல்லாமல் இருக்க முடியுமா என்றால், செங்கோட்டையன் இருந்திருக்கிறார். போட்டோக்காரர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து “இங்க பாருங்க” என்று சொல்கிற நேரத்தில் அவருக்குப் பந்தியில் ரசம் போய்ச் சேர்ந்ததா என்ற கவலை வந்துவிடும். வீட்டிலிருந்த கல்யாண ஆல்பங்களில் அவருடைய முழங்கை ஒன்று, முதுகு இரண்டு, வேட்டி நுனி ஒன்று அகப்பட்டன. வாக்காளர் அட்டைக்குப் படம் பிடித்த நாளில் அவர் பக்கத்து ஊரான மங்கலத்தில் ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தார். அவருடைய சொந்தக் கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது, கழுத்து மாலையை மட்டும் விட்டுவிட்டு.

மிஞ்சியது லிங்கசாமியின் மகனுக்குக் காது குத்தியபோது எடுத்த வீடியோ. லிங்கசாமிக்குத் தெரிந்து அதில் ஒரே ஓரிடத்தில் அப்பா முகம் நேராக வரும். அதை நிறுத்தி வைத்துத் திரையைப் படம் பிடித்தால், மத்தியானத்துக்குள் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தந்துவிடுவதாக அருள்தாஸ் சொன்னார்.

“கேசட்டை எடுத்துட்டு உங்க ஸ்டூடியோவுக்கே போயிட்டா என்னுங்க?” என்று ரங்காத்தாள் கேட்டுப் பார்த்தாள்.

“அது வராதுக்கா” என்றான் லிங்கசாமி. டெக் அந்தக் கேசட்டை விழுங்கி ஆறு மாதமாகிறது. ஓடச் சொன்னால் ஓடும், துப்பச் சொன்னால் துப்பாது. இழுத்தால் நாடா அறுந்துவிடும்.

“டெக்கையே கழட்டு. பக்கத்து ஊட்டு டி.வியில மாட்டு.”

“ஒயரெல்லாம் செவுத்துக்குள்ள போகுது. இந்த அலமாரியைப் பேத்தாத்தான் கையே போகும். இன்னைக்குப் போயி ஊட்டுக்குள்ள சுத்தியல்ல அடிக்க முடியுமா?”

பனியன் கம்பெனி வைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறவன் லிங்கசாமி. போன வருசம் அங்கே கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். புராசஸர் என்று பெயர். டி.வியில் வருகிற சத்தத்தைப் பிரித்து அறையின் மூலைகளுக்கெல்லாம் அனுப்புகிற பெட்டி. கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்துச் சுவருக்குள் ஒயர் ஓட்டி, தேக்கு அலமாரி அடித்து, பொங்கலுக்குப் பாட்டுப் போட வசதியாக இரண்டு ஸ்பீக்கர்களை போர்டிகோவிலும் மாட்டினான். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டி திரையில் எழுதிக் காட்டுவது மட்டும் ஜெர்மனியில் இருந்தது.

லிங்கசாமிக்கு ஜெர்மன் கொஞ்சம் தெரியும். வெள்ளை, கறுப்பு, பருத்தி, தையல் பிரிந்திருக்கிறது, சாயம் போகிறது, தாமதம். வியாபாரத்துக்கு அது போதும். டி.விக்குப் போதவில்லை.

அந்த எண் சத்தத்தின் அளவு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது மட்டும் தலைகாட்டிவிட்டு மறைய வேண்டியது. சில மாதமாக அது நடுத்திரையில் பெரிதாகக் குந்திக்கொண்டு போகமாட்டேன் என்றது. கோயமுத்தூர்க்காரரை இரண்டு முறை கூப்பிட்டான். அவர் வந்து பார்க்கும்போதெல்லாம் எண்ணைக் காணோம். “ஒண்ணுமே இல்லையே சார்” என்று காபி குடித்துவிட்டுப் போவார். அவர் பஸ் ஏறியதும் எண் வந்துவிடும்.

“சத்தத்தைக் கொறச்சுட்டே வந்தா அதுவே போயிராதா?” என்றாள் ரங்காத்தாள்.

லிங்கசாமி குறைத்தான். முப்பது, இருபது, பத்து. கடைசியில் அப்பாவின் முகத்தில் பெரிய மஞ்சள் பூஜ்யம் வந்து நின்றது. ஒரு புருவத்திலிருந்து மறு புருவம் வரைக்கும் இருந்தது அது.

அருள்தாஸ் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். “முப்பத்திரண்டே தேவலைங்க.”

“வேணும்னா நீங்க பின்னால பிரஷ்ல டச்சிங் பண்ணி அழிச்சுருங்க.”

“நெத்தி பூரா நானே வரைஞ்சா அது உங்கப்பாவா இருக்காதுங்க. என்ற மாமனாரு மாதிரி வந்துரும்.”

லிங்கசாமி ஒரு பொத்தானை அமுக்கினான். திரை முழுதும் நீலமாகி, வரிவரியாக எழுத்து வந்தது. அவன் ஒவ்வொரு வரியாக முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். ஓரிடத்தில் திடுக்கிட்டு நின்றான்.

“என்னடா?”

“தாமதம்னு போட்டிருக்குதுக்கா.” ஜெர்மனியிலிருந்து வருகிற எல்லா பேக்ஸிலும் அவன் படித்த வார்த்தை. “இதுலயுமா!”

அந்தத் தாமதத்தைக் குறைத்துப் பார்த்தான், கூட்டிப் பார்த்தான். பூஜ்யம் போகவில்லை. வேறொரு வரியில் கைவைத்ததும் அது பச்சையானது. இன்னொன்றில் கைவைத்ததும் இன்னும் பெரிதானது.

“அம்மாவைக் கேட்டுப் பாக்கறேன்” என்று ரங்காத்தாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். பகலெல்லாம் அப்பாவோடு டி.வி முன்னால் உட்கார்ந்திருந்தது அம்மாதான்.

போர்டிகோவில் கூட்டம் பெருத்திருந்தது. செங்கோட்டையனின் பங்காளித் தம்பி நாச்சிமுத்து, வந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் என்ற மச்சானுக்கும் கெணத்துத் தகராறு. ஊர்ல பேசி முடியல, வக்கீல்கிட்டப் பேசி முடியல. அண்ணங்கிட்ட வந்தோம். நான் பேசுனேன், பேசுனேன், தொண்டை வறண்டு போச்சு. அப்பறம் அவன் பேசுனான். அண்ணன் ஒரு வார்த்தை குறுக்க பேசோணுமே! மூஞ்சியையே பாத்துட்டு, தலையை ஆட்டிட்டு, அப்படிக் கேப்பாரு. கடைசில என்ன சொன்னாரு தெரியுங்களா? ‘ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க’ன்னாரு. சாப்புட்டுக் கை கழுவிட்டு வந்தா, எங்களுக்கே வெக்கமாப் போச்சு.”

“அந்தப் பொறுமை யாருக்கு வரும்?” என்றார் ஒருவர்.

“கேக்கற காது அது. இனி எவனுக்கு இருக்குது அப்படிக் காது!”

ரங்காத்தாள் நின்று கேட்டாள். ஒன்றரை வருசத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவளும் அந்தக் காதைத் தேடித்தான் வந்தாள். ராசப்பன் எண்ணெய் மில்லைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வராமல் சீட்டாடப் போய்க்கொண்டிருந்த காலம். அம்மாவிடம் சொன்னால் ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அவளிடம் மூச்சு விடாமல், அப்பா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் எழுந்தபோது, “எல்லாஞ் செரியாப் போயிருங் கண்ணு” என்றார். சரியாகத்தான் போயிற்று. சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டு நூறு தேங்காய் உடைத்தாள். தேங்காயில் பாதி அப்பாவின் வார்த்தைக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மா பெரியாத்தாள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ராகம் போட்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ராமாயி அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியின் ஒவ்வொரு அடிக்கும் கூடவே இழுத்தாள். ரங்காத்தாள் குனிந்து அம்மாவின் காதில், “அம்மா, டி.வியில அந்த நெம்பரை எப்படி எடுக்கறதுன்னு உனக்குத் தெரியுமா?” என்றாள்.

“பட்டி காத்த ராசாவே, பாதியில வுட்டீங்களே” என்று முடித்த அம்மா, மூச்சு வாங்குகிற இடைவெளியில் அதே குரலில், “பெரிய பித்தானை அமுக்கிட்டுக் கீழ போகச் சொல்லு சாமி” என்றாள்.

“கீழ போயிட்டீங்களே” என்று ராமாயி தொடர்ந்து இழுத்தாள்.

ரங்காத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். “பெரிய பித்தானாம். அப்பறம் கீழ போகோணுமாம்.”

“எந்தப் பெரிய பித்தான்? இதுல எல்லாமே பெரிசாத்தான் இருக்குது.”

லிங்கசாமி ஒன்றை அமுக்கினான். நீலத்திரை வந்தது. கீழே போனான். நெடுநேரம் யோசித்தான். மேல் வரிதான் சரியென்று தோன்றி, மேலே போகிற பொத்தானை அமுக்கிப் பிடித்தான். அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நீலத்திரை தானாகவே மூடிக்கொண்டுவிட்டது. அது மூடியிருக்கும்போது அதே பொத்தான் சத்தத்தைக் கூட்டும். அப்பாவின் முகத்தில் எண் ஏறியது. இருபது, நாற்பது, அறுபது.

“ஏறுதுங்க, ஏறுதுங்க” என்றார் அருள்தாஸ்.

“ஏறட்டுங்க, படந்தான் நிக்குதே. சத்தம் எங்கிருந்து வரப் போகுது” என்றான் லிங்கசாமி.

ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் நாடா தேய்ந்துவிடும் என்று, வெகு நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டெக் தானாகவே ஓட ஆரம்பிக்கும். அது அந்த நேரத்தில் ஓட ஆரம்பித்தது.

“சாப்புடாம யாரும் போகக் கூடாது!” என்றார் செங்கோட்டையன்.

அறையின் எல்லா மூலையிலிருந்தும் சொன்னார். போர்டிகோவில் தன் தலைமாட்டுக்கு நேர் மேலே மாட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் சொன்னார். அவர் உயிரோடு இருந்தபோது அத்தனை சத்தமாகப் பேசியதே இல்லை. பின்னால் நாதஸ்வரம் முழங்கியது.

“பந்தியில எடமிருக்குது, வாங்க, வாங்க! ஏனுங் மாப்ள, நைசா எங்க நழுவறீங்க?”

பறை நின்றது. ஒப்பாரி நின்றது. மாலையோடு வந்த ஒருவர் மாலையைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். டீ குடித்துவிட்டு வரலாம் என்று யாருக்கும் தெரியாமல் வாசல் கேட் பக்கம் போய்க்கொண்டிருந்த ராசப்பன் நின்ற இடத்திலேயே திரும்பி, கட்டிலைப் பார்த்துக் கைகூப்பி, “இல்லீங் மாமா, எங்கயும் போகலீங்” என்றார்.

லிங்கசாமி சத்தத்தை அடக்கிவிட்டு வெளியே ஓடினான். “ஒண்ணுமில்லீங்க, கேசட்டுங்க, படம் எடுக்கறதுக்குங்க” என்று அவன் வெளியே கெஞ்சுவது ரங்காத்தாளுக்குக் கேட்டது.

அவள் கதவை மூடப் போனபோது எதிரே அம்மா வந்துகொண்டிருந்தாள். பிடிக்க வந்த கைகளை விலக்கிவிட்டு, அவிழ்ந்த கூந்தலோடு, நேராக உள்ளே வந்தாள்.

“தம்பி, நீங்க சித்த வெளிய இருங்க” என்றாள். அருள்தாஸ் போனார்.

பெரியாத்தாள் சோபாவில் இடது ஓரமாக உட்கார்ந்து ரிமோட்டுக்குக் கைநீட்டினாள். வலது ஓரம் காலியாக இருந்தது. ரங்காத்தாள் அங்கே உட்காராமல் கீழே உட்கார்ந்தாள்.

திரையில் சத்தமில்லாமல் அப்பா நடமாடிக்கொண்டிருந்தார். யாரையோ தோளில் கைபோட்டுப் பந்திக்கு அழைத்துப் போனார். இலையைப் பார்த்து எதையோ கொண்டுவரச் சொன்னார். சிரித்தார். நடுத்திரையில் நின்ற எண்ணுக்குள் அவர் போவதும் வருவதுமாக இருந்தார்.

“அது கெட்டுப் போயி வந்ததில்ல கண்ணு. உங்கப்பா வேணும்னு வெச்சது” என்றாள் அம்மா.

“எதுக்கும்மா?”

“சத்தம் எத்தனை இருக்குதுன்னு தெரியோணுமில்ல.”

“சத்தம் காதுல கேட்டாத் தெரியாதா?”

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கேட்டாத் தெரியும்” என்றாள்.

ரங்காத்தாள் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“நாலஞ்சு வருசமாச்சு. மங்கலத்துல தறி ஓட்டி, அந்தச் சத்தத்துக்குள்ளயே கெடந்த காது. மொதல்ல ஒண்ணு போச்சு. அப்பறம் இன்னொண்ணும் போச்சு. செவிடன்னு பேரெடுக்க மாட்டேன், லிங்கனுக்குக்கூடத் தெரியக் கூடாதுன்னு எங்கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு.”

“அப்ப இந்த டி.வி?”

“வந்த புதுசுல ஒரு நாளு ஊரே கேக்கறாப்புல வெச்சுட்டு, தெரியாம உக்காந்திருந்தாரு. பக்கத்து ஊட்டுல வந்து சொல்லிட்டுப் போனாங்க. கூசிப் போயிட்டாரு மனுசன். முப்பத்திரண்டுல வெச்சா அல்லாருக்கும் செரியா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். ரிமோட்டைத் தட்டித் தட்டி, அந்த நெம்பரு போகாம நிக்கறாப்புல எப்படியோ பண்ணிட்டாரு. யாராச்சும் வந்தா எடுத்துருவாரு.”

“கேக்காமயேவா இத்தனை நாளும் பாத்துட்டிருந்தாரு?”

“நான் சிரிச்சாச் சிரிப்பாரு.”

வெளியே நாச்சிமுத்து மறுபடி ஆரம்பித்திருந்தார். அண்ணன் செத்தும் சாப்பாடு போடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். பறை மெதுவாக மறுபடி எடுத்தது.

ரங்காத்தாள் கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, நான் ஒரு நாளு மத்தியானம் வந்து அப்பா மடியில அழுதனே…”

“நீ பஸ்சேறிப் போனதுக்கப்பறம் எங்கிட்ட வந்து, ‘புள்ள எதுக்கு அழுதுச்சு’ன்னு கேட்டாரு.”

ரங்காத்தாள் திரையில் நடமாடிய அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீதான் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே. எனக்கென்ன தெரியும்? வாயைப் பாத்தாப் பாதி புரிஞ்சுக்குவாரு, நான் சத்தமில்லாம வாயசைச்சாக்கூட. நீ மூஞ்சியை மடியில பொதச்சுட்டு அழுதியாமா. ராத்திரி பூரா பொரண்டுட்டே கெடந்தாரு. விடிஞ்சதும் வேட்டியை மாத்திட்டுக் காங்கயம் பஸ்சேறிட்டாரு.”

“காங்கயத்துக்கா? எங்க ஊட்டுக்கு வரவே இல்லியே!”

“மில்லுல மாப்பளையைப் பாத்தேன்னாரு. என்ன பேசுனீங்கன்னு கேட்டேன். செரியாப் போயிரும்னாரு. அதுக்கு மேல நான் கேக்கல.”

அம்மா பெரிய பொத்தானை அமுக்கினாள். லிங்கசாமி வெகு நேரமாகத் தேடிய பொத்தான் ரிமோட்டின் நடுவில் வட்டமாக இருந்தது. நீலத்திரை வந்ததும் எழுத்தைப் பார்க்காமல் வரிகளை மட்டும் எண்ணிக்கொண்டு கீழே போனாள். கடைசிக்கு முந்தின வரியில் நின்று, பக்கத்துப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள்.

“இங்க மூணெழுத்து வரோணும். நாலெழுத்து இருந்தாப் போகாது” என்றாள்.

மூன்றெழுத்து வந்தது. நீலம் மறைந்தபோது எண் இல்லை. அப்பா மட்டும் இருந்தார். அத்தனை மாதமாக எண்ணோடு பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அம்மா அவரை யாரோ புது மனிதர் மாதிரி பார்த்தாள்.

ரிமோட்டில் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, முன்னுக்கு ஓட்டி, லிங்கசாமி நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே செங்கோட்டையன் லேசாகத் தலையைச் சாய்த்து, எதிரே பேசுகிற யாரையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

“இது இருக்கட்டும். லிங்கன் வெச்சதுல கண்ணு பாதி மூடியிருந்துச்சு” என்றாள்.

ரங்காத்தாள் அருள்தாஸைக் கூப்பிட்டாள். ஒரே கிளிக்கில் முடிந்தது. அவர் சந்தேகத்துக்கு இன்னும் நாலைந்து எடுத்துக்கொண்டு ஓடினார்.

உச்சி தாண்டிப் படம் வந்தது. கரையெல்லாம் கொஞ்சம் மங்கலாக, வரிவரியாக இருந்தாலும் முகம் நன்றாக விழுந்திருந்தது. தலைமாட்டில் வைத்து மாலை போட்டதும் நாச்சிமுத்து எழுந்து கிட்டே வந்து பார்த்தார். பார்த்த உடனே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

“பாத்தியா அம்மிணி, எப்படிக் கேட்டுட்டிருக்காருன்னு! நாம சொல்லறதை ஒரு வார்த்தை வுடாமக் கேக்கறாப்புலயே இல்ல?”

படத்தில் அப்பாவின் பார்வை எதிராளியின் கண்ணில் இல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே, வாயில் இருந்தது.

“ஆமாங் சித்தப்பா” என்றாள் ரங்காத்தாள். “ஒரு வார்த்தை வுட மாட்டாரு.”

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் மயானத்துக்குப் போய்விட்டு, குளித்து, ஈர வேட்டியோடு திரும்பினார்கள். சாமியானாக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராசப்பன் கிணற்றடியில் ரங்காத்தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்று தலையைத் துவட்டினார்.

“காலையில எம்பட ஈரக்கொலையே நின்னு போச்சு” என்றார்.

“நீங்க ஏனுங் டீக்கடைக்குப் போனீங்க?”

“அது கெடக்குது. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். இத்தனை நாளாச் சொல்லல.” அவர் சுற்றிலும் பார்த்தார். “உங்கப்பா ஒரு நாளு மில்லுக்கு வந்தாரு. வாங்க மாமான்னேன். எம்முன்னால சேரைப் போட்டு உக்காந்தாரு. என்னுங் விசேசம்னேன். பதிலே இல்ல. என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு.”

“அப்பறம்?”

“அப்பறமென்ன அப்பறம். சாப்புட்டாரு, வந்து மறுக்கா உக்காந்துட்டாரு. மில்லு ஓடுது, ஆளுங்க வர்றாங்க, போறாங்க. இவரு அசையல. சரி, எல்லாம் தெரிஞ்சுட்டுத்தான் வந்திருக்காருன்னு நானே ஆரம்பிச்சுட்டேன். சீட்டாடறது, எங்க ஆடறது, யாரு கூட, உங்கிட்டச் சொன்ன பொய்யி, அத்தனையும் ஒப்பிச்சேன். நீகூட என்னைய அத்தனை கேட்டதில்ல. ஒரு வார்த்தை குறுக்க பேசலீங்கறேன். கடைசில எந்திரிச்சு எந்தோளைத் தட்டி, ‘செரிங் மாப்ள’ன்னுட்டுப் பஸ்சுக்குப் போயிட்டாரு. திட்டியிருந்தாலும் பரவால்ல. அதுக்கப்பறம் சீட்டைத் தொட்டாவே அந்த மூஞ்சி முன்னால வந்து உக்காந்துக்கும்.”

எண்ணெய் மில் அரவைச் சத்தம் ரங்காத்தாளுக்குத் தெரியும். காது நன்றாக இருப்பவர்களே அங்கே கிட்டே வந்து கத்த வேண்டும். அவள் முந்தானையை முகத்தில் அழுத்திக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. எந்த இடத்தில் மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

“அழுகாத ரங்கா” என்று ராசப்பன் முதுகைத் தட்டினார். “நல்ல மனுசன்.”

அவள் தலையை ஆட்டினாள்.

விளக்கு வைத்த பிறகு சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து பட்டினி கிடந்த வீடு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தது. லிங்கசாமி நாளைக்குப் பேப்பரில் போட வேண்டிய விளம்பரத்தைப் பற்றி நாச்சிமுத்துவிடம் பேசினான். குழந்தைகள் அப்பளத்துக்குச் சண்டை போட்டன. பெரியாத்தாளை வற்புறுத்திச் சுவரோரம் உட்காரவைத்து இலை போட்டிருந்தார்கள். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினாள்.

எதிர்வரிசையில் இருந்த ரங்காத்தாளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை நன்றாக விரித்து, குவித்து, என்னவோ சொன்னாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. ரங்காத்தாள் விளங்காமல் பார்த்தாள். அம்மா அலுத்துக்கொள்ளாமல், அதேபோல, இன்னொரு முறை சொன்னாள்.

இந்தத் தடவை ரங்காத்தாள் அம்மாவின் வாயையே பார்த்தாள். தண்ணி.

எழுந்து போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து அம்மாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.